டீசல் கார் ரீமேப், ஸ்கேனர், லேப்டாப்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து ஷெட் மச்சானுடையது. அவர் டீசல் கார் வேலை பார்ப்பவர். அவர் வேலைக்கு லேப்டாப் தேவைப்பட ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு கடைக்கும் நடுவில் சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். "ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) கனெக்ட் ஆகல" என்று என்னிடம் வருவார்கள், போகும்போது கிளட்ச் பற்றி அவரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

"ரீமேப்புன்னா என்னங்ண்ணா? வண்டியில எதைக் கழட்டி எதை மாட்டுறாங்க?"

எதையும் கழற்றுவதில்லை. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போன காற்றைச் சுமார் 16 மடங்கு அமுக்கினால் அது கொதிக்கிற சூடாகிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு காற்றோடு என்பதுதான் வண்டியின் பலத்தை முடிவு செய்கிறது. பழைய லாரிகளில் இதைப் பம்ப்பில் ஸ்க்ரூ வைத்துத் திருகுவார்கள். "பம்ப்பைக் கொஞ்சம் ஏத்தி விடுப்பா" என்று டிரைவர்கள் கேட்பதை இந்த ஊரில் வளர்ந்த யாரும் கேட்டிருப்பார்கள்.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில், எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைச் சேர்த்து வைக்கும் காமன் ரெயில் வந்தது. அதன் பிறகு அந்த ஸ்க்ரூவின் வேலையை இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அதற்குள் கட்டம் கட்டமாக அட்டவணைகள் இருக்கும்: இந்த ஆர்.பி.எம்.மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று), ஆக்ஸிலேட்டரை இவ்வளவு மிதித்தால், இவ்வளவு டீசல், இவ்வளவு டர்போ அழுத்தம் (டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி). அந்த எண்களைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதுவதுதான் ரீமேப். பம்ப்பை ஏற்றும் அதே பழைய வேலைதான், ஸ்பேனருக்குப் பதில் லேப்டாப்.

"30 பர்சென்ட் பவர் ஏறும்னு சொல்றாங்க. நிஜமா?"

டர்போ டீசலில் 20, 30 சதவீதம் ஏற்ற முடியும், அது பொய்யில்லை. ஆனால் அந்த இடம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மட்டமான டீசல், சித்திரை வெயில், அளவுக்கு மீறிய லோடு, காலம் தவறிய ஆயில் சர்வீஸ், இத்தனையையும் என்ஜின் தாங்க வேண்டும் என்று கம்பெனி கொஞ்சம் விட்டு வைத்திருக்கும். அதைத்தான் நாம் எடுத்துச் சாப்பிடுகிறோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று நம் ரோட்டில் ஓடிய பாதி டீசல் கார்களில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. அது 75 குதிரைத்திறனிலும் வந்தது, எர்டிகா, சியாஸ் போன்றவற்றில் 90-இலும் வந்தது. அந்தக் கூடுதல் 15-க்காகக் கம்பெனி டர்போவையே மாற்றியது. சாதாரண டர்போ இருந்த இடத்தில் இறக்கைகளின் கோணம் மாறுகிற டர்போ வந்தது. உங்கள் 75 வண்டியை வெறும் சாஃப்ட்வேரில் 100-க்குக் கொண்டுபோகிறேன் என்று ஒருவர் சொன்னால், "காத்து எங்கிருந்து வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராது, விலை குறையும்.

"கொல்லிமலை ஏறறப்ப வளைவுல வண்டி தூங்குதுங்க. ரீமேப் போட்டா எழுந்துக்குமா?"

70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் 1200 ஆர்.பி.எம்.மில் நின்று திணறும். டர்போ சுற்றுவது வெளியேறும் புகையின் வேகத்தில். அந்த ஆர்.பி.எம்.மில் புகையே போதாது, அப்புறம் டர்போ எப்படிச் சுற்றும்? 75 குதிரைத்திறன் மல்டிஜெட்டுக்கு முழு இழுவை, அதாவது 190 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்.பி.எம்.மில்தான் வருகிறது. அதற்குக் கீழே அட்டவணையில் டீசலை மட்டும் கூட்டினால் எரியக் காற்று இல்லாமல் கரும்புகையாகப் போகும்.

நல்ல ரீமேப் போட்டால் 1700, 1800-க்கு மேல் வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் வளைவுக்கு மருந்து முதல் கியர்தான். காசு கிடையாது. மச்சான் இதைச் சொன்னால் நிறைய பேருக்குக் கோபம் வருகிறது.

"வண்டி முன்ன மாதிரி இழுக்கல. அதான் ரீமேப் போட்டுடலாம்னு..."

தயவு செய்து வேண்டாம். இழுவை குறைந்த வண்டிக்கு ரீமேப் போடுவது, காய்ச்சலில் படுத்தவனை எழுப்பி ஓட விடுவது. குறைந்த இழுவை எங்கே போனது என்று முதலில் தேடுங்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசல் ஃபில்டர் அடைப்பு, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி, டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் கிழிசல், தேய்ந்த கிளட்ச். பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்று.

ஸ்கேனர் இருந்தால் யூகமே வேண்டாம். நாலாவது கியரில், காலி ரோட்டில், முழுதாக மிதித்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: இ.சி.யு. கேட்ட டர்போ அழுத்தம், உண்மையில் கிடைத்த அழுத்தம். இரண்டும் ஒட்டிப் போனால் காற்றுப் பக்கம் சரி. கேட்டது மேலே, கிடைத்தது கீழே என்றால் காற்று எங்கோ ஒழுகுகிறது. பி 0299 என்று எரர் கோடும் விழுந்திருக்கலாம். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச். ஒருவர் ரீமேப்புக்கென்று சேலத்திலிருந்து பணத்தோடு வந்தார். ஹோஸின் அடிப்பக்கம் விரல் நகம் அளவுக்குக் கிழிசல். ஹோஸ் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார், "இதே போதும்" என்று போய்விட்டார். மச்சானுக்கு அன்றைக்கு வருமானம் போனது. ஆனால் அந்தச் சேலத்துக்காரர் அனுப்பி இதுவரை ஆறு பேர் வந்துவிட்டார்கள்.

"புகை கலர வெச்சுக் கண்டுபிடிக்கலாமாமே?"

ஓரளவுக்கு. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, டர்போ சீலையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும். வெள்ளை காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நேரம் வந்து நின்றால் கவலை இல்லை. சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ரீமேப் போட்டவுடன் மிதித்தால் பின்னால் கறுப்பாக மேகம் கிளம்புவதைச் சிலர் பெருமையாக வீடியோ எடுக்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல் எரியாமல் வெளியே போகிறது, அவ்வளவுதான். புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் அங்கே என்ஜினை முழுதாக முறுக்கித்தான் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். அப்போது பெருமை போய்விடும். புகை விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை.

"நானே பாக்கறதுக்கு ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கலாம்னு. எது?"

2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான 16 பின் ஓ.பி.டி. 2 சாக்கெட் இருக்கும். அதற்கு இ.எல்.எம். 327 என்ற வகை ஸ்கேனர் போதும். சந்தையில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே நகல்தான், அதில் நல்ல நகல், கெட்ட நகல் உண்டு. மிக மலிவானவற்றில் கட்டளைகள் பாதி வேலை செய்யாது.

ஆண்ட்ராய்டு போன் என்றால் ப்ளூடூத் வகை வாங்குங்கள். இணைக்கும்போது கேட்கும் பின் நம்பர் 1234 அல்லது 0000. ஐபோன் என்றால் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் இணையாது. வைஃபை வகையோ, ப்ளூடூத் லோ எனர்ஜி என்று பெட்டியில் போட்டிருப்பதோ வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கி என் மேஜையில் "ரிப்பேர்" என்று வைத்துவிட்டுப் போனவை ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஒன்றுகூட ரிப்பேர் இல்லை.

"ஸ்கேனர் வைஃபைய கனெக்ட் பண்ணா போன்ல நெட் போயிடுது. போன் கெட்டுப்போச்சா?"

போன் சரியாகத்தான் இருக்கிறது. வைஃபை ஸ்கேனர் தானே ஒரு குட்டி வைஃபையை உருவாக்கும். போன் அதில் சேர்ந்ததும் "நெட் இந்த வைஃபை வழியாகத்தான் வரும்" என்று நம்பிவிடும். ஆனால் ஸ்கேனருக்குப் பின்னால் கார்தான் இருக்கிறது, இன்டர்நெட் இல்லை. ஆப்பை வீட்டிலேயே இறக்கி, லாகின் செய்து, அதன் பிறகு காருக்குப் போங்கள். "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?" என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஆப்பின் செட்டிங்கில் 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட்டும் இருக்கிறதா பாருங்கள். இந்த வகையில் பெரும்பாலும் அதுதான்.

வேலை முடிந்ததும் அந்த வைஃபையை "மறந்துவிடு" என்று கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காரில் ஏறும் ஒவ்வொரு தடவையும் போனில் வழி காட்டும் மேப் பாதியில் நிற்கும்.

"லேப்டாப்ல கேபிள் போட்டா டிவைஸ் தெரியுது, ஆனா கார் பேச மாட்டேங்குது."

முதலில் சாவியை ஆன் செய்தீர்களா? சிரிக்காதீர்கள், பாதி பேர் செய்வதில்லை. அடுத்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து கேபிள் எந்த காம் போர்ட் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சாஃப்ட்வேரில் அதே எண் கொடுத்திருக்க வேண்டும். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் இல்லை. கேபிளுக்குள் எஃப்.டி.டி.ஐ. சிப்பா, சி.எச். 340 சிப்பா என்று பார்த்து அதற்குரிய டிரைவரைப் போடுங்கள். யு.எஸ்.பி. ஓட்டையை மாற்றிச் சொருகினால் காம் எண்ணும் மாறலாம். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதற்குப் பாதி காரணம் இதுதான்.

"ஸ்கேனர வண்டியிலயே சொருகி விட்டுடலாமா?"

கூடாது. அந்தச் சாக்கெட்டின் 16-ஆவது பின்னில் சாவி ஆஃப் ஆனாலும் பேட்டரி கரண்ட் இருக்கும். பத்து நாள் ஊருக்குப் போய்வந்தால் பேட்டரி படுத்திருக்கும்.

"எரர் கோட அழிச்சுட்டேன், லைட் போயிடுச்சு. சரியாயிடுச்சுல்ல?"

லைட்தான் போனது. அழிப்பதற்கு முன் கோடைப் போட்டோ எடுத்து வையுங்கள். கோடு விழுந்த நொடியில் ஆர்.பி.எம்., சூடு, வேகம் எவ்வளவு என்று இ.சி.யு. குறித்து வைத்திருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மெக்கானிக்குக் கோடை விட அதுதான் முக்கியம்.

"இன்ஜெக்டர் புதுசு மாத்தினேன். இப்பத்தான் ஐடிலிங்ல அதிகமா நடுங்குது!"

டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் தயாராகும்போதே நூலிழை வித்தியாசத்தோடுதான் பிறக்கிறது. ஒரே நேரத்துக்குத் திறந்தாலும் ஒன்று ஒரு துளி கூட விடும், இன்னொன்று குறையும். அந்த வித்தியாசத்தை அளந்து அதன் தலையிலேயே எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு பொறித்திருப்பார்கள். மாற்றிய பிறகு அந்தக் கோடை இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும். உங்கள் வண்டியில் பழைய இன்ஜெக்டரின் கணக்கில் புதிய இன்ஜெக்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். சின்ன ஸ்கேனரில் இதைச் செய்ய முடியாது, கம்பெனிக்கு ஈடான ஸ்கேனர் வேண்டும். மாட்டும்போதே நாலு கோடையும் போட்டோ எடுங்கள், மாட்டிய பிறகு கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

"ரீமேப் சாஃப்ட்வேர் ஒண்ணு கிடைச்சுது. ஆன்டி வைரஸ ஆஃப் பண்ணச் சொல்லுது. பண்ணலாமா?"

திருட்டுக் கருவிகளோடு வரும் சாஃப்ட்வேர் எல்லாம் இப்படித்தான் கேட்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. நெட் பேங்கிங் பார்க்கும் லேப்டாப்பில் இதைப் போட்டுவிட்டு, பிறகு கணக்கில் பணம் போனதென்று என்னிடம் வந்து அழாதீர்கள். வேலைக்கென்று தனி லேப்டாப் வைத்துக்கொள்ளுங்கள், பழையது போதும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது என்பதால், அது ஓடும் லேப்டாப்பைத் தேவையில்லாமல் நெட்டில் விடாதீர்கள்.

"எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா? நெட் கட்டானா?"

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இ.சி.யு.வுக்குள் எழுதும்போது பாதியில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. கார் ஸ்டார்ட் ஆகாது. பெரும்பாலும் கழற்றி மேஜையில் வைத்து மீட்டுவிடலாம், ஆனால் அது வேறு வேலை, வேறு செலவு.

நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கார் பேட்டரி. சாவி ஆன், என்ஜின் ஆஃப் என்ற நிலையில் பல நிமிடம் ஓடும். சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து சுற்றும். வோல்டேஜ் மெல்ல இறங்கும். அதனால் பேட்டரியில் சப்போர்ட் சார்ஜர் மாட்டாமல் ஆரம்பிக்கவே கூடாது. லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருக்க வேண்டும், ஸ்லீப் ஆஃப், விண்டோஸ் அப்டேட் நிறுத்தம், யு.எஸ்.பி. பவர் சேமிப்பு ஆஃப். மடியில் வைத்து எழுதாதீர்கள், கேபிள் ஆடும். ஒருமுறை எங்கள் ஷெட்டிலேயே 80 சதவீதத்தில் பையன் ஒருவன் காருக்குள் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கதவைத் திறந்து கேபிளில் முழங்காலை இடித்துவிட்டான். அன்று இரவு பதினொன்று வரை இ.சி.யு. மேஜையில் இருந்தது. இப்போது எழுதும்போது கதவைப் பூட்டிவிடுகிறோம்.

நெட் விஷயம் வேறு. நிறைய கடைக்காரர்கள் வண்டியிலிருந்து படித்த கோப்பை வெளியூரில் இருக்கும் டியூனருக்கு அனுப்பி, அவர் மாற்றித் தந்ததை எழுதுகிறார்கள். கோப்பு சில எம்.பி.தான். அது முழுதாக இறங்கி, லேப்டாப்பில் சேமிக்கப்பட்ட பிறகே எழுத ஆரம்பிக்க வேண்டும். சில கருவிகள் எழுதும்போதும் சர்வரோடு பேசும். அப்படியென்றால் போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுக்குள்ள 200 எம்.பி.பி.எஸ். வருது. போர்டிகோவுல கார்கிட்ட வந்தா சுத்துது."

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டாது, அதுவும் கான்கிரீட் சுவரை. ரவுட்டரில் 2.4 தனிப் பெயரில் இருந்தால் காருக்குப் பக்கத்தில் அதில் சேருங்கள். மேலே சொன்ன சில எம்.பி. கோப்புக்கு அதுவே தாராளம். ஃபைபர் பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தால் அது வைஃபை பிரச்சினையே இல்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை, ஆளைக் கூப்பிடுங்கள்.

"ரீமேப் போட்டா மைலேஜ் ரெண்டு கூடுதுன்னு மீட்டர்லயே காட்டுது."

மீட்டரை நம்பாதீர்கள். டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ் டேங்கை அளந்து வருவதல்ல. இவ்வளவு டீசல் பீய்ச்சினேன் என்று இ.சி.யு. சொல்லும் கணக்கு. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை அட்டவணையில் கூட்டிவிட்டு அளவுக் கணக்கை அப்படியே விட்டிருந்தால், உள்ளே அதிகமாகப் போகும், மீட்டர் குறைவாகக் காட்டும். டேங்கை நிரப்பி, 400, 500 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். மெதுவாக ஓட்டுகிறவருக்குச் சற்றுக் கூடலாம். ஆனால் பவர் வேண்டும் என்று ரீமேப் போட்டவர் மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை.

"சர்வீஸ் சென்டர்ல கண்டுபிடிப்பாங்களா? இன்சூரன்ஸ்?"

முடியும். எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல இ.சி.யு.க்கள் வைத்திருக்கும். உள்ளிருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியுடையதோடு பொருந்துகிறதா என்றும் சரிபார்க்கலாம். கண்டுபிடித்தால் என்ஜின் வாரண்டி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவர்கள் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் ரீமேப் அழிந்துவிடும். "சர்வீஸ் விட்டதுக்கப்புறம் பவர் போச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் கிளெய்ம் வரும் நாளில் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். தெரிந்து செய்யுங்கள்.

"பி.எஸ். 6 வண்டி. டி.பி.எஃப். லைட் அடிக்கடி எரியுது. அதைக் கழட்டி சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிடலாமா?"

நாங்கள் செய்வதில்லை. சட்டப்படியும் தப்பு, அந்தப் புகையை மூக்கால் இழுக்கப்போவது பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை விதி கட்டாயம். அதோடு டீசலில் இருந்த கந்தகமும் 50 பி.பி.எம்.மிலிருந்து 10-க்கு இறங்கியது. டி.பி.எஃப். என்பது கரியைப் பிடித்து வைக்கும் சல்லடை. நிறைந்ததும் இ.சி.யு. கூடுதல் டீசலைப் பீய்ச்சி அதைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி எரித்துவிடும். அதற்கு வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் எரிப்பு எப்போதும் பாதியில் நிற்கும்.

லைட் எரிந்தால் சேலம் ரோட்டில் 60-க்குக் குறையாமல் 20 நிமிடம், ஆர்.பி.எம். 2000-க்கு மேல் வைத்து ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அடிக்கடி வந்தால் சல்லடையைக் குற்றம் சொல்லாமல் கரி ஏன் இவ்வளவு உண்டாகிறது என்று பாருங்கள். கிழிந்த ஹோஸ், இ.ஜி.ஆர்., ஏர் ஃபில்டர் என்று மேலே நாலாவது கேள்வியில் சொன்ன பட்டியலுக்கே திரும்பி வருவீர்கள்.

"டிப்ஸ்டிக்ல ஆயில் குறையாம ஏறிட்டே போகுதே, அதிசயமா இருக்கு!"

அதிசயம் இல்லை, ஆபத்து. முந்தைய பதிலில் சொன்ன கூடுதல் டீசல், எரிப்பு பாதியில் நின்றால் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய் டர்போவின் பேரிங்கைக் காக்காது. அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றுகிற பொருள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். டி.பி.எஃப். வண்டிக்கென்று சாம்பல் குறைவாகத் தரும் ஆயில் தனியாக உண்டு, மேனுவலில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள்.

"வண்டிய விக்கப் போறேன். பழையபடி மாத்திக்கலாமா?"

முதல் நாள் படித்த அசல் கோப்பு உங்களிடம் இருந்தால் பத்து நிமிட வேலை. யாரிடம் போட்டாலும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பதிவு எண்ணும் தேதியும் பெயராக வைத்து, பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். கோப்பு இல்லை என்று வருகிறவர்களுக்கு அதே மாடல், அதே சாஃப்ட்வேர் எண் உள்ள வேறு வண்டியைத் தேட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு பழைய ஃபியட் லீனியாவுக்காகத் தேடினோம், கிடைக்க பதினாறு நாள் ஆனது. அதற்குள் வாங்க வந்தவர் வேறு கார் வாங்கிவிட்டார்.